புரட்டு

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்.
ஒன்பது மணிக்குப் பிறகுதான் வெளிச்சம் வரும். அதுவரை
காற்று ஜன்னல் சட்டங்களைப் பிடித்து
உலுக்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் மாடி, ஏழாம் கட்டில்.
எலெயுத்தேரியோ பாரியா, அறுபத்திரண்டு வயது.
நாற்பது பருவம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்.
லாரி கவிழ்ந்த நாளிலிருந்து
மார்புக்குக் கீழே உடம்பு
அவரோடு பேசுவதில்லை.

கால்மாட்டில் ஓர் அட்டை தொங்குகிறது.
இரண்டு மணி, இடப்பக்கம்.
நான்கு மணி, வலப்பக்கம்.
ஆறு மணி, மல்லாக்க.
கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.

நமக்கெல்லாம் தூக்கத்தில் யாரோ சொல்கிறார்கள்,
போதும், புரண்டு படு என்று.
யாரென்று நாம் கேட்டதில்லை.
அவருக்கு அந்த யாரோ
நானும் யஸ்னாவும்.
முப்பத்தொரு கட்டிலுக்கு இரண்டு பேர்.

அன்று மூன்றரைக்குப் பன்னிரண்டாம் கட்டிலில்
மூச்சுத் திணறல். ஓடினோம்.
திரும்பி வந்தபோது ஐந்தே கால்.
மேஜையில் அட்டைகளைப் பரப்பி
ஆளுக்குப் பாதியாக நிரப்பினோம்.
நான்கு மணி, வலப்பக்கம், என் பெயர்.
பேனா தடையில்லாமல் எழுதியது.
ஆளைத் திருப்பினால் அதன் பெயர் புரட்டு.
திருப்பாமல் எழுதினாலும்
அதே பெயர்தான்.

ஆறு மணிக்கு விரிப்பைப் பிடித்து அவரைச் சாய்த்தேன்.
கீழே அழுந்திக் கிடந்த இடது இடுப்பில்,
எலும்பு முட்டுகிற இடத்தில்,
நூறு பேசோ நாணயம் அளவு ஒரு நிழல்.
அவர் மாநிறம். அந்தத் தோலில் சிவப்பு
சிவப்பாகத் தெரியாது.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்கவில்லை.
அந்த நிறத்தில் வெளுப்பையும் முழுக்க நம்ப முடியாது.
புறங்கையை வைத்தேன்.
சூடு.

“என்ன அங்கே?” என்றார்.
வலித்திருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார்.
ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வந்தது வேறு:
நாலு மணிக்கு உங்களைத் திருப்பவில்லை.
திருப்பியதாக எழுதிவிட்டேன்.

கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
“சினை ஆடு சில சமயம் பள்ளத்தில் மல்லாந்துவிடும்.
கம்பளி கனக்கும், தானாகப் புரள முடியாது.
கத்தவும் கத்தாது.
காலையில் போனால் கண் இரண்டும் இருக்காது,
பறவைகள் முந்திக்கொண்டிருக்கும்.
அதனால் மேய்ப்பன் தலையை எண்ணக் கூடாது.
கால் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்கணும்.”
திட்டினாரா, மன்னித்தாரா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

யஸ்னா வந்தாள். விரிப்போடு தூக்கினோம், இழுக்கவில்லை.
இழுத்தால் தோல் ஒரு பக்கம் போகும், எலும்பு ஒரு பக்கம்.
முதுகுக்கு ஒரு தலையணை,
கெண்டைக்காலுக்கு ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்க.
அவர் படுத்திருந்த இடத்தில்
ஒரு ரொட்டித் துணுக்கு. எடுத்துப் போட்டேன்.
இரவெல்லாம் அது பாறையாக இருந்திருக்கும்,
அவருக்குத் தெரியாமல்.

நான்கு மணிக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
மேலே எழுதினேன்: செய்யவில்லை.

தலைமைச் செவிலி ஓலாயா மன்சில்யா
ஏழரைக்கு வந்து அதை இரண்டு முறை படித்தார்.
என்னிடம் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.
பிறகு, குரல் உயர்த்தாமல்,
மாடியின் மற்ற ஒன்பது அட்டைகளையும் கேட்டார்.
ஒன்பதிலும் நான்கு மணி
அழகாக நிரம்பியிருந்தது.

வெளிச்சம் வருமுன்
ஒன்பது போர்வைகளை விலக்கினோம்.
எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை.
பதினான்காம் கட்டிலில், வலது குதிகாலில்,
இன்னொரு நிழல்.
அந்த அட்டையில் இருந்தது யஸ்னாவின் கையெழுத்து.
அவள் அதன்மேல் விரலை வைத்து எடுத்தாள்.
பார்த்தாள்.
மறுபடி வைத்து எடுத்தாள்.